மொர்வான் சரளைத் தடங்கள்: அம்புக்குறியைப் பிடித்துப் போனால் போதாதா?

2024 ஏப்ரல் 14 (கேள்வி)

பாரிஸில் இருக்கிறேன், கார் கிடையாது. மே மாத விடுமுறையில் மூன்று நாள் பர்கண்டியின் மலைக்காடான மொர்வானில் கிராவல் (சரளைப் பாதையில் சைக்கிள்) ஓட்ட ஆசை. மொர்வானின் வடக்கு ஓரத்து ஊரான அவலோனிலிருந்து மத்தியதரைக் கடல்வரை 1,380 கி.மீ. மவுண்டன் பைக் தடம் ஒன்று அம்புக்குறியோடு தயாராகக் கிடக்கிறது. அதன் முதல் பகுதியை அப்படியே பிடித்துப் போனால் போதாதா? டயர் 40 மி.மீ.

2024 ஏப்ரல் 14, இரவு

போதாது தம்பி. 2021 கோடையில் எனக்கும் இதே புத்திதான் வந்தது. அவலோனில் இறங்கி, முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட பலகையைத் தேடிப் பிடித்து, அது காட்டின பக்கமெல்லாம் திரும்பினேன். கொஞ்ச தூரத்திலேயே தடம் ஓர் ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. தலையளவு கருங்கல், இடையிடையே வேர், எல்லாவற்றின் மேலும் பாசி. பெரிய டயரும் முன்னால் ஷாக்கும் வைத்திருப்பவனுக்கு அது விளையாட்டு. நான் சைக்கிளை மாடு பிடித்துப்போவது மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு 60 கி.மீ. என்று கணக்கு. 38-இல் ஒரு பண்ணைக்காரரிடம் கேட்டு, அவர் வைக்கோல் கொட்டகை ஓரமாகக் கூடாரம் அடித்துப் படுத்துவிட்டேன்.

அம்பின் மேல் தப்பில்லை. அவர்கள் கல்லைத் தேடிப் போகிறார்கள், நமக்கு வேண்டியது கல் நொறுங்கின சரளை. மொர்வானில் அது கிடைப்பது மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட காட்டுச் சாலைகளில். பிரெஞ்சு அரசு நில அளவைத் துறையான ஐ.ஜி.என்.-இன் 1:25,000 வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இரட்டைக் கோடு என்றால் டிராக்டரோ லாரியோ போகும், நீங்களும் போகலாம். விட்டு விட்டு ஓடும் ஒற்றைக் கோடு என்றால் ஆளும் ஆடும் போகும். என் விதி அவ்வளவுதான்.

2024 ஏப்ரல் 15

டயர் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 40 போதும், 45 இருந்தால் முதுகு வாழ்த்தும். ட்யூப்லெஸ் ஆக்கிவிடுங்கள். நான் 74 கிலோ, பையோடு சேர்த்து முன்னால் 2.1 பார், பின்னால் 2.4.

மழையை நினைத்துப் பயப்பட வேண்டாம். மொர்வான் கருங்கல் பூமி. கல் நைந்து நைந்து பருமணலாகி, தண்ணீரை வடிகட்டி விடுகிறது. மழை விட்டு இரண்டு மணி நேரத்தில் ஓட்டலாம். சேறெல்லாம் வடக்கே வெஸ்லே பக்கத்துச் சுண்ணாம்புக் களிமண்ணில்தான். (இதைக் கீழே மே 14-இல் திரும்பப் பெற்றிருக்கிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.)

2024 ஏப்ரல் 16

வழியைக் கேட்டவர்களுக்கு. என் யோசனை அவலோனில் தொடங்குவது அல்ல, முடிப்பது.

பாரிஸ் பெர்சி நிலையத்தில் ரயில் ஏறி, கிளாம்சியில் இறங்குங்கள். அங்கிருந்து நிவெர்னே கால்வாய்க் கரை தெற்கே போகிறது. தட்டையான பாதை, பக்கத்திலேயே யோன் ஆறு. சார்தி என்ற ஊரில், படகை மட்டத்துக்கு மட்டம் ஏற்றி இறக்கும் பதினாறு மதகுகள் வரிசையாகப் படி கட்டினாற்போல் ஏறுகின்றன. மதகுக்கு மதகு ஒரு சின்ன வீடு, வாசலில் ரோஜா. கால்வாயின் உச்சி அங்கேதான். அதைத் தாண்டிப் படகுகள் மலைக்கு அடியில் மூன்று சுரங்கம் வழியாகப் போகும். நீளமானது 758 மீட்டர். சைக்கிளுக்கு உள்ளே வழி கிடையாது, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இனிமேல்தான் விஷயம். உச்சிக் கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுவர, யோன் ஆற்றிலிருந்து 25 கி.மீ. நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ரிகோல் தியோன் என்று பெயர். தண்ணீர் தானாக ஓட வேண்டுமே, அதனால் மலைச் சரிவில் ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகிறது. கரையில் பராமரிப்புக்கு விட்ட பாதை, நாம் ஓட்டுவது அதில்தான். மொர்வானுக்குள் ஏறுகிறோம் என்றே தெரியாமல் ஏறிவிடலாம். மோந்த்ரெயோனில் வாய்க்கால் 33 மீட்டர் உயரத் தூண்பாலத்தின் மேல் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. நான் காரைக்கால்காரன், வாய்க்கால் கரையில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினவன். அந்தப் பாதையில் ஊர் ஞாபகம் வராமல் ஒரு தடவையும் போனதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே கரையில் யாரும் துணி துவைப்பதில்லை.

ரிகோல் முடியும் இடம் பான்சியேர் அணை. முதல் இரவு அங்கே. இரண்டாம் நாள் ஷாத்தோ-ஷினோன், க்ளூ-அன்-க்ளேன், ஓ-ஃபோலான் மலை (901 மீ., மொர்வானின் உச்சி), இறங்கி அனோ. மூன்றாம் நாள் ப்ளான்ஷே, செத்தோன் ஏரி, கூலூ, தன்-லே-ப்ளாஸ், காரே-லே-தோம்ப், அவலோன். ரயில். என் மீட்டரில் மொத்தம் 210 சொச்சம்.

இரண்டாம் நாள்தான் கஷ்டம். கியரில் முன்னால் 40 பல், பின்னால் 42 வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு பல் இருந்தால் தேவலை.

2024 ஏப்ரல் 17

தண்ணீர். கிராமத்துக் கடைகளை நம்பாதீர்கள். பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் இரண்டுக்குத்தான், திங்கட்கிழமை பல இடங்களில் நாள் முழுக்க மூடல். ஆனால் எந்த ஊரிலும் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கும், வாசல் பக்கத்திலேயே பூந்தொட்டிக்காரர்களுக்கு ஒரு குழாய். பிரான்ஸில் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ரகசியம். "குடிக்க உகந்ததல்ல" என்று பலகை இல்லையென்றால் நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லா நாளும் உண்டு, கட்டணம் கிடையாது. (இதற்கும் ஒரு திருத்தம் நவம்பரில்.)

2024 ஏப்ரல் 17, கொஞ்சம் கழித்து

"சுடுகாட்டுத் தண்ணீரையா குடிப்பது" என்று கேட்டவருக்கு: என் மச்சானும் அதைத்தான் கேட்டான். மே விடுமுறைக்குப் புதுச்சேரியிலிருந்து வருகிறான். கூட்டிப் போகிறேன், என்ன செய்கிறான் என்று எழுதுகிறேன்.

2024 மே 13

போய் வந்தாயிற்று. 8-ஆம் தேதி விடுமுறை, 9 விண்ணேற்றத் திருநாள், நடுவில் ஒரு வெள்ளி, அப்புறம் வாரக்கடைசி. பாதி பாரிஸ் இதே கணக்கைப் போட்டிருந்தது. இந்த மாதிரி நாட்களில் சைக்கிளோடு போகிறவர்கள் முதல் ரயிலைப் பிடியுங்கள்.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. ரிகோல் கரையில் மச்சான் பாட்டே பாடினான். இரண்டு மணி வெயிலில் ஒரு கல்லறைத் தோட்டத்துக் குழாயில் வாய் வைத்தே குடித்தான். குடித்து முடித்துவிட்டு, "ராத்திரி தலைக்குக் குளிக்கணும் அத்தான்" என்றான்.

இரண்டாம் நாள் மதியம்வரை சரி. க்ளூவிலிருந்து ஓ-ஃபோலானுக்கு ஏறும் காட்டுச் சாலை நான் 2022-இல் பார்த்தபடியே இருந்தது. பழுப்புச் சரளை, இரண்டு பக்கமும் உயர்ந்த டக்ளஸ் ஊசியிலை மரங்கள், மதியத்திலும் மங்கல் வெளிச்சம். இறங்கும்போது வரைபடத்தில் இரட்டைக் கோடாக இருந்த ஒரு கிளைச் சாலையில் திரும்பினேன். என் விதிதானே, நம்பித் திரும்பினேன்.

வளைவு தாண்டியதும் காடு இல்லை. சரிவு முழுக்க அடிமரக் கட்டைகள், வெட்டின கிளைகள் வைக்கோல் போர் மாதிரி நீளக் குவியலாக, நடுவில் சாலை இருந்த இடத்தில் இரண்டு பள்ளம். மரம் வெட்டும் இயந்திரத்தின் சக்கரத் தடம். ஆழம் என் முழங்கால் வரை, உள்ளே காபி நிறத் தண்ணீர். நடுத்திட்டில் ஓட்டிப் பார்த்தோம். நாற்பது மீட்டர் போவதற்குள் சேறும் ஊசியிலையும் குழைந்து, டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சாணி அப்பின மாதிரி ஏறி, சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் சுரண்டினேன். மச்சான் சுரண்டவில்லை, பலமாக மிதித்தான். ஒரு குச்சி பின்பக்கக் கியர் மாற்றியில் சிக்கி, அதைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு வளைந்து, செயின் ஸ்போக்குக்குள் போனது. வாடகைச் சைக்கிள். உபரி ஹேங்கர் கொடுங்கள் என்று கேட்டு வாங்காதது என் தப்பு. கையால் முக்கால்வாசி நிமிர்த்தி, இரண்டே கியரில் அனோ போய்ச் சேரும்போது எட்டு மணி.

அங்கே ஓர் உணவகத்தில் அடுப்பை அணைத்திருந்தார்கள். எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு ஆம்லெட் போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் தார்ச்சாலை வழியாகவே செத்தோன், அவலோன். எழுத மனசில்லை. மொத்தக் காட்டையும் மொட்டை அடிக்கிறார்கள், ஒரு வேலி கிடையாது, பலகை கிடையாது, சைக்கிள்காரனைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது.

2024 மே 14

ஏப்ரல் 15 குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். கருங்கல் மணல் தண்ணீரை வடிப்பது, மேல்மண் கலையாமல் இருக்கிறவரைதான். கனத்த இயந்திரம் நாலு நடை போனால் மண் இறுகிச் சிமெண்டுத் தொட்டி ஆகிவிடுகிறது. இந்த வசந்தத்தில் பெய்த மழைக்குக் கேட்கவே வேண்டாம். "இரண்டு மணி நேரத்தில் காயும்" என்று எழுதினவன் ஒரு வறண்ட ஆகஸ்டை மட்டும் பார்த்தவன்.

விதிக்கும் ஒரு வால் சேர்க்கிறேன்: இரட்டைக் கோட்டோடு சமீபத்திய செயற்கைக்கோள் படத்தையும் பாருங்கள். பழுப்புச் சதுரம் தெரிந்தால் ஒதுங்குங்கள். படமே பழசாக இருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

2024 மே 16

நேற்று ஒருவர் எனக்கு ஒரே வரி எழுதியிருந்தார்: "சாலையைப் போட்டவன் யார்?"

சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் சாலையைப் போட்டவன் அந்த மரவெட்டிதான். போருக்குப் பிறகு, 1946-இல் பிரெஞ்சு அரசு காடு வளர்ப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தியது. ஆள் குறைந்து தரிசாய்க் கிடந்த மலைச் சரிவுகளிலும் பழைய ஓக், பீச் காடுகளிலும் டக்ளஸும் ஸ்ப்ரூஸும் வரிசையாக நட்டார்கள். ஐம்பது வருஷத்தில் வெட்டுக்கு வரும் மரம். வெட்டினால் ஏற்ற வேண்டும், ஏற்ற லாரி வேண்டும், லாரிக்குச் சாலை வேண்டும். நான் "எவ்வளவு அழகான சரளை" என்று படம் எடுத்த சாலைகள் பலவும் அந்த லாரிக்காகப் பிறந்தவை. ஓட்டும்போது மட்டும் என் சாலை, வெட்டும்போது அவன் குற்றமா?

அதற்காக மொட்டை அடிப்பது சரி என்று சொல்லவில்லை. மொர்வான்காரர்களே இதை ஒத்துக்கொள்ளவில்லை. 2003 முதல் ஊர்க்காரர்களும் வெளியாட்களும் பங்கு போட்டு, வெட்டுக்குப் போகவிருந்த இலையுதிர் காடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 2018-க்கு அப்புறம் வந்த வறட்சிகளில் பட்டைவண்டு ஏறி ஸ்ப்ரூஸ் நின்றபடியே செத்தது. அதை வெட்டாமலும் விட முடியாது. நாங்கள் மாட்டின சரிவு எந்த வகை என்று கேட்டால், கட்டைகளை நின்று பார்க்கவில்லை. ஹேங்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2024 மே 16, இரவு

தூக்கம் வரவில்லை, மேலே எழுதினதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாரிக்கு முன்னால் ஆறு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பாரிஸின் அடுப்புக்கு விறகு மொர்வானிலிருந்துதான் போனது. குளிர்காலத்தில் வெட்டி, கட்டை முனையில் வியாபாரியின் முத்திரையைச் சுத்தியால் அடித்து, ஓடைகளில் அப்படியே தள்ளிவிடுவார்கள். மேலே தேக்கின குளங்களைத் திறந்துவிட்டால் வெள்ளத்தோடு கட்டைகள் கிளாம்சி வரை வரும். அங்கே முத்திரை பார்த்துப் பிரித்து, பெரிய தெப்பமாகக் கட்டி, யோன் ஆற்றிலும் சேன் நதியிலும் மிதக்கவிட்டுப் பாரிஸ் கொண்டுபோனார்கள். கிளாம்சிப் பாலத்தில் நிற்கும் தெப்பக்காரன் சிலை அதற்குத்தான். நிவெர்னே கால்வாய் 1784-இல் தொடங்கினதும் இந்த விறகை நினைத்து. செத்தோன் ஏரியை 1858-இல் கட்டி முடித்ததும் கட்டை மிதக்கத் தண்ணீர் வேண்டும் என்று. இன்றைக்கு அதைச் சுற்றிக் கோடையில் ஐஸ்கிரீம்.

பான்சியேர் அணை 1949. அது பாரிஸில் வெள்ளம் வராமல் தடுக்கவும், கோடையில் சேன் வற்றாமல் இருக்கவும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொர்வான் பெண்கள் தங்கள் குழந்தையை ஊரில் விட்டுவிட்டுப் பாரிஸ் பணக்கார வீடுகளுக்குப் பாலூட்டப் போனார்கள். பாரிஸ் தன் அநாதைக் குழந்தைகளை வளர்க்கச் சொல்லி இங்கே அனுப்பியது. விறகு, தண்ணீர், பால் எல்லாம் ஒரே திசையில் போயிருக்கிறது. நான் போட்டுக் கொடுத்த வழியைப் பாருங்கள்: கால்வாய், ரிகோல், அணை, லாரிச் சாலை, செத்தோன். பாரிஸுக்குச் சரக்கு போன வழியை நான் தலைகீழாக ஓட்டிக்கொண்டு, புதுசாய்க் கண்டுபிடித்த மாதிரி பெருமை அடித்திருக்கிறேன்.

2024 மே 20

சிரிக்க ஒன்று. சேனும் யோனும் மோந்தரோவில் சேரும்போது யோனில்தான் தண்ணீர் அதிகம். நீரியல் கணக்குப்படி பாரிஸ் ஊடே ஓடுவது யோன்தான், சேன் அதன் கிளை. மச்சானிடம் சொன்னேன். "அப்போ ஈஃபிள் கோபுரப் படத்துக்குக் கீழே என்ன ஊர்னு போடறது?" என்கிறான்.

2024 ஜூன் 26

"எல்லாம் பாரிஸுக்காக" என்று அடித்து எழுதினது மிகை. மூன்றாம் நாள் வழியில் வரும் ஊர்களுக்கு வேறு கதையும் உண்டு. 1944 ஜூனில் ப்ளான்ஷேயை ஜெர்மானியப் படை எரித்தது. அதே நாட்களில் தன்-லே-ப்ளாஸில் 27 ஆண்களைக் கொன்றார்கள். இந்தக் காடுகள்தான் ஜெர்மானியரை எதிர்த்த மக்கீ போராளிகளை ஒளித்து வைத்திருந்தன. ஊரூ பக்கத்துக் காட்டுக்குள் அவர்களும் பிரிட்டிஷ் விமானிகளும் படுத்திருக்கும் கல்லறை ஒன்று இருக்கிறது. ஒரு காட்டுச் சாலை அங்கே போகிறது. அங்கே மட்டும் தண்ணீர்க் குழாயைத் தேட மனம் வராது.

2024 செப்டம்பர் 29

இலையுதிர் காலத்தில் போகலாமா என்றால், போகலாம், நிறம் பார்க்கவே போகலாம். ஆனால் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது, பிப்ரவரி கடைசிவரை. காட்டுப்பன்றியையும் மானையும் கூட்டமாகச் சேர்ந்து விரட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நாடு தழுவிய தடை கிடையாது. சாலையோரம் "வேட்டை நடக்கிறது" பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள், எவ்வளவு நல்ல சரளையாக இருந்தாலும் சரி. ஆரஞ்சு நிற மேலுடை போடுங்கள். ஒரு தடவை பலகைக்குப் பக்கத்தில் நின்ற பெரியவரிடமே கேட்டேன். எந்தச் சரிவில் ஆள் இருக்கிறார்கள், எது காலி என்று கைகாட்டிச் சொன்னார். எந்தச் செயலியும் அதைச் சொல்லாது.

உண்ணியையும் மறக்க வேண்டாம். புல்லில் உட்கார்ந்து பாகெத் ரொட்டி தின்றால் சாயங்காலம் முழங்காலுக்குப் பின்பக்கம் தடவிப் பாருங்கள். லைம் நோய் இங்கே நிஜம். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும்.

2024 நவம்பர் 30

கல்லறைக் குழாய்த் திருத்தம்: உறைபனிக்குப் பயந்து குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். நேற்று மூன்று ஊரில் திருகிப் பார்த்து மூன்றிலும் காற்றுதான் வந்தது. காரேயில் தேவாலயத்தைச் சுற்றிப் பழைய கற்சவப்பெட்டிகள் கிடக்கின்றன, ஊர்ப்பெயரே அதனால்தான். இருபது நிமிஷம் அவற்றினூடே குழாய் தேடியிருக்கிறேன். கடைசியில் ஒரு பாகெத் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற அம்மா, வீட்டிலிருந்து பாத்திரத்தில் கொண்டுவந்து ஊற்றினார்.

இப்போது மொர்வான் முழுக்கக் கிறிஸ்துமஸ் மரம் அறுவடை. வலைச்சட்டை மாட்டி, வரப்போரமாகச் சாய்த்து, லாரி லாரியாக ஏற்றுகிறார்கள். எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

2025 மார்ச் 9

தனியாகப் போய்வந்தேன். க்ளூவிலிருந்து ப்ரேன்லே மலைப் பக்கம் ஏறி யோன் பிறக்கும் இடத்தைப் பார்த்தேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டும். புல்லுக்குள் கையகலத் தண்ணீர், அவ்வளவுதான். கொண்டுபோன போத்தலே அதைவிடப் பெரிசு.

போன வருஷம் மாட்டின சரிவுக்கும் போனேன். பள்ளங்களை நிரப்பி, புதுச் சரளை கொட்டி, உருளை ஓட்டியிருக்கிறார்கள். கல் இன்னும் படியவில்லை, கூர் கூராக நிற்கிறது. 45-க்குக் கீழே டயர் வைத்திருப்பவர்கள் மெதுவாகப் போங்கள். ஓரத்தில் வெட்டின டக்ளஸ் அடுக்கியிருந்தது. முனையில் சிவப்பு மையில் எண், பக்கத்தில் அடித்த பிளாஸ்டிக் வில்லை. கிட்டே போனால் நாரத்தங்காய் கீறினாற்போல் வாசனை. இந்தத் தடவை கட்டையை நின்று பார்த்தேன். ஐம்பத்திரண்டு வளையம் எண்ணினேன், நடுவில் எங்கேயோ தவறவிட்டேன்.

தம்பி, நீங்கள் இந்த மே மாதம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ரிகோல் கரையில் மோந்த்ரெயோன் தூண்பாலத்துக்கு அப்பால் ஒரு பீச் மரம் குறுக்கே விழுந்து கிடக்கிறது. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் சரிவு. பைகளைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மேலே தூக்கிப் போடுங்கள். உபரி ஹேங்கரை மறக்காதீர்கள்.